மூணு ஸ்பூனும் என் கல்லீரலும்

சர்க்கரையை நிறுத்துவதில்லை, ரிப்போர்ட்டைத்தான் நிறுத்தி வைப்பது. இப்படியொரு மகத்தான முடிவை நான் எடுத்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது.

கொஞ்சம் மெதுவாகவே சொல்கிறேன். பக்கத்து அறையில் என் மனைவி இருக்கிறாள். இருபத்துமூன்று வருஷம் ஓடிவிட்டது. இன்னும் இந்தக் கதையைச் சொல்ல நான் வாயெடுத்தால் நடுவில் வந்து திருத்துவாள். திருத்தத் திருத்த நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிக்கொண்டே போவேன்.

அப்போது நான் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பது தொழில். பச்சை வெல்வெட் பதித்த மரப்பெட்டிக்குள் பித்தளை எடைக்கற்கள் வரிசையாகப் படுத்திருக்கும். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் தெருமுனையில் திரும்பினாலே கடைக்காரர்களுக்கு வியர்க்கும். அடிப்பாகம் உள்வாங்கிய லிட்டர் படி, ஈயத்தைச் சுரண்டிய இரும்புக் கல், தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. இரண்டு கிராம் குறைந்தாலும் கையில் தூக்கியே சொல்லிவிடுவேன். ஆபீஸில் எனக்கு ‘நடமாடும் தராசு’ என்று பெயர். அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் எனக்கு ஒரே ஒரு சுகம். டீ.

கல்யாணமான புதிதில் ஒரே அறையும் ஒரு சமையலறையுமாக ஒரு வீடு. நடுவில் தோள் உயரத்துக்கு ஒரு சுவர். முதல் நாள் காலையில் அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து, “எத்தனை ஸ்பூன்?” என்று ஒரு புதுக்குரல் கேட்டது. “மூணு” என்றேன். “மூணா?” “மூணு.” அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்குக் கேட்கட்டும் என்று உரக்க எண்ணினாள். “ஒண்ணு... ரெண்டு... மூணு. போதுமா?” டம்ளரில் ஸ்பூன் மோதுகிற சத்தம், டிங், டிங், டிங்.

அதுவே பழக்கமாகிவிட்டது. வீடு மாறினோம். சுவர் முழு உயரத்துக்கு வளர்ந்தது. எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. காலையில் ஹாலில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் உள்ளிருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு வரும். சண்டை போட்ட நாட்களில் வார்த்தை வராது. ஸ்பூன் மட்டும் மூன்று முறை மோதும். அந்த மோதலின் பலத்தை வைத்தே சண்டை எத்தனை நாள் நீடிக்கும் என்று எனக்குத் தெரியும். என்ன கோபமானாலும் மூன்று இரண்டானதில்லை. அவளுக்கு என்மேல் இருந்த பிரியத்தை நான் ஸ்பூன் கணக்கில்தான் வைத்திருந்தேன்.

இந்த நிலையில்தான் ஆபீஸில் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை நடந்தது. ரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் வழவழவென்று எதையோ தடவி ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டனுப்பினார்.

“குடிப்பீங்களா?”

“டீ. ஒரு நாளைக்கு ஆறு.”

“அதைக் கேக்கல. தண்ணி அடிப்பீங்களா?”

“குழாய்ல வரலைன்னா அடி பம்புல அடிப்பேன் டாக்டர். வீட்டுல அது என் வேலைதான்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “சார், நான் கேக்கறது பிராந்தி, விஸ்கி.”

“ஐயோ! வாசனைகூடத் தெரியாது.”

“அப்ப இது எங்கிருந்து வந்துச்சு?” என்று ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். “உங்களுக்குக் கொழுப்பு.”

இருபது வருஷமாக என் மனைவி வாய்வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இவர் படமே எடுத்துவிட்டார்.

“கல்லீரல்ல நிறையக் கொழுப்பு சேர்ந்திருக்கு” என்றார்.

“பேர்லயே கல்லு இருக்கே டாக்டர். அதுக்குப் போய் என்ன ஆயிடும்?”

“இப்ப அது கல்லு இல்ல, வெண்ணெய். டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை?”

“மூணு. சாயங்காலம் தெருமுனைக் கடையில ஒரு ஆரஞ்சு கூல்டிரிங். நடுவுல ரெண்டு மூணு கிரீம் பிஸ்கட். ஆனா எனக்கு சர்க்கரை கிடையாது டாக்டர்!”

“ரத்தத்துல கிடையாது. மத்த எல்லா இடத்துலயும் இருக்கு” என்று டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “சர்க்கரையில ரெண்டு பாதி. ஒரு பாதியை உடம்பு முழுக்கப் பங்கு போட்டுக்கும். இன்னொரு பாதி பெரும்பாலும் கல்லீரல் தலையிலதான் விழும். கொஞ்சமா வந்தா அது சமாளிக்கும். நீங்க லோடு லோடா இறக்கினா என்ன பண்ணும்? கொழுப்பா மாத்தி அங்கேயே அடுக்கி வெச்சுக்கும்.”

“கோடவுன் மாதிரி.”

“கோடவுன் ரொம்பிப்போனா வீங்கும். அப்புறம் தழும்பு விழும். தழும்பு முத்திப்போச்சுன்னா பழைய நிலைக்கு வராது. நீங்க இன்னும் அங்க போகல. இப்பவே சர்க்கரையை நிறுத்தணும்.”

“நிறுத்துடறேன் டாக்டர், அதுதானே என் தொழிலே. எத்தனை கிராம்?”

டாக்டர் சிரிக்கவில்லை. ரிப்போர்ட்டைக் கையில் திணித்து, தினமும் நட, ஆறு மாதம் கழித்து வா என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். இது அவளுக்குத் தெரிந்தால்? அடுத்த நாளே ‘எத்தனை ஸ்பூன்’ என்ற கேள்வியே இருக்காது. டிங் இருக்காது. பத்தியம் இருக்கும். உறவுக்காரர்கள் வந்தால் என் கல்லீரலைப் பற்றிப் பேச்சு இருக்கும். ஆக, மகத்தான முடிவு. ரிப்போர்ட்டை நாலாக மடித்து எடைப்பெட்டியின் வெல்வெட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

“டாக்டர் என்னங்க சொன்னார்?”

“இரும்பு மாதிரி இருக்கேனாம்.”

“அப்படியா?” என்றாள். “ரொம்ப சந்தோஷம். டீ போடட்டுமா?”

ஒண்ணு. ரெண்டு. மூணு. தேன் மாதிரி இருந்தது. டாக்டரை நினைத்துச் சிரித்துக்கொண்டே குடித்தேன்.

அடுத்த ஆறு மாதம்தான் என் வாழ்க்கையின் பொற்காலம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதற்கு அப்போது நான் நினைத்த காரணம் வேறு.

முதல் வாரம் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “நடந்தாத்தான் சரியாகுமாம். தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு. துணைக்கு வருவீங்களா?” எனக்குப் பரிதாபமாக இருந்தது. பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டேன். ரயில்வே வேலியை ஒட்டி ஒரு நடைபாதை. முதல் நாள் தண்ணீர்த் தொட்டி வரை. அடுத்த வாரம், “அந்த சிக்னல் கம்பம் வரைக்கும் போகலாமா?” அதற்கடுத்த வாரம் இரண்டாவது சிக்னல். முழங்கால் வலிக்காரி முன்னால் விறுவிறுவென்று போவாள். நான் பின்னால் மூச்சு வாங்குவேன்.

நடக்க நடக்கப் பேச்சு வந்தது. எங்களுக்குள் அப்படிப் பேச்சு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. பழைய வீட்டு ஜன்னல் கொக்கி, மழைக்கு அது அடித்துக்கொள்ளும் சத்தம், முதல் வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே குடைக்குச் சண்டை போட்டது. ஒருநாள் அவள் அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தது. கூல்டிரிங் கம்பெனி வேன் ஓட்டுநர். ஆள் வருவதற்கு முன்னால் சிரிப்பு வரும். எங்கள் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, “மாப்பிள்ளை, சூடா இருக்கீங்க, ஜில்லுனு ஒண்ணு குடிங்க” என்று பாட்டிலைப் பல்லாலேயே திறந்து நீட்டுவார். நாற்பத்தாறு வயதில் போய்விட்டார். மஞ்சள் காமாலை என்று சொன்னார்கள். நான் அந்தப் பல்லைப் பற்றிப் பேசிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “இன்னும் கொஞ்ச தூரம் நடக்கலாம்” என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவது மாதம் டீயில் எனக்குச் சின்னச் சந்தேகம்.

“ஏம்மா, டீயில ஏதோ குறையுதே?”

“எண்ணினது கேக்கலையா?”

“கேட்டுச்சு. மூணுதான்.”

“அப்ப டீத்தூளாத்தான் இருக்கும்.”

டீத்தூள் பாக்கெட்டை ஆபீஸுக்கு எடுத்துப்போய் மின்தராசில் வைத்தேன். கால் கிலோ, கனகச்சிதம். ஆபீஸ் கேன்டீன் டீயைக் குடித்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே இருந்தது. உலகமே ஒரே மாதிரி இருந்தால் கோளாறு நாக்கில்தான் என்று முடிவுகட்டி, கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டேன்.

தெருமுனைக் கடையில் ஆரஞ்சு பாட்டில் வருவது நின்றுபோயிற்று. “கம்பெனி வண்டியே வர்றதில்ல சார்” என்றார் கடைக்காரர். இவர் தராசில்தான் பத்து வருஷத்துக்கு முன் நான் காந்தத்தைக் கண்டுபிடித்து சீல் வைத்தேன். அன்றிலிருந்து என்னிடம் பூனைக்குட்டி. பொய் சொல்வார் என்று நான் எப்படி நினைப்பேன்? வீட்டில் பிஸ்கட் டப்பா காலியாகவே இருந்தது. கேட்டால் எறும்பு என்றாள். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. “துவைச்சுத் துவைச்சுத் துணி விட்டுப்போச்சு” என்று இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

ஆறு மாதம் முடிந்தது. திருட்டுத்தனமாக டாக்டரிடம் போனேன். மறுபடி ரத்தம், மறுபடி வழவழப்பு. இரண்டு நாள் கழித்துப் படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சர்க்கரையை விட்டுட்டீங்களா?”

“அன்னிக்கே விட்டுட்டேன் டாக்டர்” என்றேன், கண் இமைக்காமல்.

“தெரியுது. கொழுப்பு நல்லாக் கரைஞ்சிருக்கு. ரத்தமும் சரியா இருக்கு. எடை ஏழு கிலோ குறைஞ்சிருக்கீங்க.” கையைக் குலுக்கினார். குலுக்கும்போது அவர் உதடு ஏன் அப்படித் துடித்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

நான் மிதந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். இதைப் போய் உள்ளேயே வைத்துக்கொள்ள முடியுமா? எடைப்பெட்டியைத் திறந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்தேன். புதிய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து மேஜைமேல் ஓங்கி அறைந்தேன்.

“இங்க வா! இந்த டாக்டருங்க சொல்றதெல்லாம் பொய்! ஆறு மாசத்துக்கு முன்னால எனக்குக் கல்லீரல்ல கொழுப்புன்னான். சர்க்கரையை விடுன்னான். நான் விடல. உன்கிட்ட சொல்லவும் இல்ல. தினம் மூணு ஸ்பூன்! கல்லீரல் தானா சரியாப்போச்சு! பாத்தியா?”

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். புது ரிப்போர்ட்டை எடுத்தாள். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து என் பழைய ரிப்போர்ட்டின் பக்கத்தில் வைத்தாள். பார்த்தால், அது அதனுடைய இரண்டாவது பக்கம்.

“இது எங்கேர்ந்து...”

“டாக்டர் மேஜையிலேயே விட்டுட்டு வந்துட்டீங்க. நீங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள நர்ஸம்மா போன் பண்ணிட்டாங்க. மறுநாள் நானே போய் வாங்கிட்டு டாக்டர்கிட்ட அரை மணி நேரம் பேசிட்டு வந்தேன்.”

“அப்ப நான் இரும்பு மாதிரின்னு சொன்னப்ப...”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா மூணு ஸ்பூன் போட்டே?”

“யாரு போட்டா?”

“எண்ணினியே! காதால கேட்டேனே!”

“எண்ணினேன். முதல் வாரம் கும்பாச்சியா, குவிச்சு. அடுத்த மாசம் தலை தட்டி. அப்புறம் முக்கால், அரை, கால். இப்ப ரெண்டு மாசமா வெறும் ஸ்பூனுங்க.”

ஊரில் உள்ள தராசையெல்லாம் கண்ணால் பார்த்துத் தொட்டுத் தடவிச் சோதித்தவன், சொந்த வீட்டில் காதால் எடை போட்டிருக்கிறேன்.

“கேன்டீன் டீ?”

“ஒரு நாள் சாப்பாட்டை மறந்துட்டீங்கன்னு ஆபீஸுக்கு எடுத்துட்டு வந்தேனே, அன்னிக்கு டீ மாஸ்டரைப் பாத்துச் சொல்லிட்டேன்.”

“நான் மறக்கலையே! நீதானே பையில வைக்கல!”

“ஆமா.”

“உன் முழங்கால்?”

அவள் காலை ஒருமுறை மடக்கி நீட்டிக் காட்டினாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே தெருமுனைக் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கடைக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. கல்லாவுக்குப் பின்னால் ஆரஞ்சு பாட்டில்கள் இரண்டு ஐஸ் பெட்டி நிறைய இருந்தன. ஜில்லென்று வியர்த்துக்கொண்டு.

“வண்டி வர்றதில்லன்னீங்க?”

“அக்காதான் சொல்லச் சொன்னாங்க சார்.” மனிதருக்கு முகமெல்லாம் பல். “பத்து வருஷமா உங்களை ஒரு கிராம்கூட ஏமாத்த முடியல. ஆறு மாசமா முழு பாட்டிலையே மறைச்சிருக்கேன் சார். என் வாழ்க்கையில இவ்வளவு சந்தோஷமா நான் யாவாரம் பண்ணாம இருந்ததே இல்ல.”

திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். புது ரிப்போர்ட் மடியில் இருந்தது. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

“நேரா என்கிட்ட சொல்லியிருக்கலாமே! நான் என்ன சின்னக் குழந்தையா? எல்லாரும் சேர்ந்து என்னை...”

“அண்ணன்கிட்ட நேராத்தான் சொன்னேன்” என்றாள்.

நான் நிறுத்தினேன்.

“உங்களுக்கு மஞ்சள் காமாலைன்னுதானே தெரியும். அது கடைசியில வந்தது. அதுக்கு முன்னாலயே கல்லீரல் போயிடுச்சு. அண்ணன் ஒரு சொட்டு குடிச்சதில்ல. ஆனா வயிறு வீங்கிப் படுத்தப்போ பாக்க வந்தவங்கெல்லாம் குடிகாரன்னு பேசிட்டுப் போனாங்க. டாக்டர் நாலு காரணம் சொன்னார். அதுல ஒண்ணு, வண்டியில இருந்த பாட்டில். ஒரு நாளைக்கு எட்டு, பத்து. நான் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன், விட்டுடு அண்ணான்னு. சிரிச்சார். ‘இனிப்புத் தண்ணியில என்னடி ஆகப்போகுது’ன்னார்.” ரிப்போர்ட்டின் ஓரத்தை நீவிவிட்டாள். “உங்ககிட்டயும் கேட்டு, நீங்களும் அதே மாதிரி சிரிச்சிருந்தீங்கன்னா, அதுக்கப்புறம் நான் என்ன பண்ணுவேன்?”

நான் சிரித்திருப்பேன். கட்டாயம் சிரித்திருப்பேன். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஆறு மாதம், தினம் காலையும் மாலையும், சமையலறையில் தனியாக நின்று, குறைந்துகொண்டே போன ஸ்பூனை டம்ளரில் மோதவிட்டு, குரல் மாறாமல் எண்ணியிருக்கிறாள். நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டு, அவளை ஏமாற்றுகிறேன் என்று உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனாலும் ஆய்வாளரின் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

“சரி. போனது போகட்டும்” என்றேன் கனத்த குரலில். “இன்னிக்கு ஒரே ஒரு நாள். என் கண் முன்னால. மூணு ஸ்பூன். கும்பாச்சியா.”

“கட்டாயமா வேணுமா?”

“கட்டாயமா.”

மறுபேச்சுப் பேசாமல் எழுந்தாள். டீயையும் சர்க்கரை டப்பாவையும் மேஜைக்கே கொண்டுவந்தாள். கோபுரம் கோபுரமாக மூன்று. நான் குனிந்து, தலைதட்டாமல் விழுகிறதா என்று சரிபார்த்தேன். கலக்கினாள். டம்ளரை நீட்டினாள்.

முதல் வாய் உள்ளே போனது. ஒரு பாகு தொண்டையில் இறங்காமல் அங்கேயே பாய் விரித்துப் படுத்தது. பல்லெல்லாம் கூசியது. இதையா நான் இருபது வருஷம் ஆறு வேளை குடித்தேன்?

“எப்படி இருக்கு?”

“பிரமாதம்.”

“இன்னொரு வாய் குடிங்க.”

குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனந்தக்கண்ணீர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

“இவ்வளவு பிடிச்சிருக்கா! பாவம், ஆறு மாசமா உங்களை ஏங்க வெச்சுட்டேன். நாளையிலேர்ந்து இப்படியே போட்டுடறேன். டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

“வேண்டாம்.”

“ஏன்?”

“திகட்டுது.”

“என்னங்க? காதுல விழல.”

“திகட்டுதுன்னு சொன்னேன்!”

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினாள். சிரித்தாளா என்று தெரியாது. முதுகு மட்டும் குலுங்கியது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கடைசி வார்த்தையாவது என்னுடையதாக இருக்க வேண்டாமா? சர்க்கரை டப்பாவை அணைத்துத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன்.

“கேட்டுக்கோ. இனிமே இந்த டப்பா என் கண்ணுல படக் கூடாது. பரண்மேல கொண்டுபோய் வைக்கப்போறேன். யாரும் சொல்லி இல்ல. இது என் சொந்த முடிவு!”

“சரிங்க” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

விறைப்பாகப் பரணை நோக்கி நடந்தேன். அதற்குக் கீழே முக்காலி தயாராகப் போடப்பட்டிருந்தது. பரணில் சரியாக ஒரு டப்பா அளவுக்கு இடம் துடைத்துத் தாளும் விரித்திருந்தது.